ஒரு நாள் சிறுநீர்

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு என்னங்க வேல பாக்குது?" என்று கேட்டபோது, "ஆஸ்பத்திரியில டெஸ்ட் பாக்கறாளுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா பேச்சை வேறு பக்கம் திருப்பினாள். என்ன டெஸ்ட் என்று கேட்டுவிடப் போகிறார்களே என்று அவளுக்கு உள்ளூர உதறல். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். மூத்திரம்தான். ரத்தம், சளி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

லேப் என்பது ஒரு சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு. உள்ளே ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு மைக்ராஸ்கோப், கையால் சுற்றுகிற ஒரு சென்ட்ரிஃபியூஜ், நிறத்தை அளக்கும் ஒரு பழைய மெஷின். சர்க்கரை பார்ப்பதற்கு நீலத் திரவத்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்பேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. செங்கல் நிறத்துக்குப் போனால் நிறைய. இந்த வேலையில் எனக்குக் கர்வமும் உண்டு. மனிதர்கள் டாக்டரிடம் பொய் சொல்வார்கள், மூத்திரம் பொய் சொல்லாது என்று நர்ஸ்களிடம் பீற்றிக்கொள்வேன். அந்தக் காலத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வாயும் கொஞ்சம் நீளம். அது அப்பாவிடமிருந்து வந்தது. அவர் வேறொரு எஸ்டேட்டில் ஃபீல்டு ரைட்டர். கொழுந்து பறிக்கிற பெண்கள் வரிசையில் நின்று மூட்டையைக் கொண்டுவர, தராசுக் கொக்கியில் மாட்டி எடை சொல்கிற வேலை. எடை போதாத மூட்டை வந்தால் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "கொறையுது" என்பார். அந்த ஒரு சொல்தான். வீட்டிலும் அதே குரல்தான். பரீட்சை மார்க்கைக் காட்டினால் "கொறையுது". அம்மா வைத்த ரசத்தைக் குடித்துப் பார்த்து "கொறையுது". என்ன குறைகிறது என்று கேட்கிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருக்கவில்லை. நானும் அதே குரலில் ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டிருந்தேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

எஸ்டேட் பெண்களில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு இருந்தது. எரிச்சல், அடிவயிற்றில் வலி, குளிர் காய்ச்சல். டாக்டர் மாத்திரை எழுதித் தருவார், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார். அவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் அதே கடுப்போடு வருவார்கள். ஏன் என்று எங்கள் எல்லோருக்குமே தெரியும். தேயிலைக் காட்டில் கக்கூஸ் கிடையாது. காலை ஏழரைக்கு மலை ஏறினால் மாலை வரை ஆண் மேஸ்திரி பின்னாலேயே நிற்பான். செடிக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்றால் அட்டை, சில நாள் காட்டெருமை. அதனால் அவர்கள் காலையில் ஒரு வாய் சாயத்தண்ணியோடு, அந்தப் பாலில்லாத டீயோடு, நிறுத்திக்கொண்டு, பொழுது சாயும்வரை ஒன்றும் குடிக்காமல், எங்கும் ஒதுங்காமல் சமாளித்தார்கள். குளிர் ஊர் என்பதால் தாகமும் பெரிதாகத் தெரியாது. எனக்கு இது தெரியும் என்று சொன்னேன். தெரிந்ததை வைத்து நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை.

அவர்களில் ஒருத்தி முதல் தடவை வந்தபோது இரண்டு கால் பெருவிரலிலும் சுண்ணாம்பு தடவியிருந்தாள். சூடு இறங்க வேண்டும் என்று. நாற்பது வயது இருக்கும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பெற்றோரோடு சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். அவள் குடியிருந்த லயத்தில், எஸ்டேட் கட்டிய அந்த வரிசை வீடுகளில், இருந்தவர்கள் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். வெள்ளைக் கோட் போட்ட பெண் யாராக இருந்தாலும் அவர்களுக்கு மிஸ்ஸிதான். நான் எத்தனை தடவை "நான் நர்ஸ் இல்லை" என்று சொன்னாலும் "சரிங்க மிஸ்ஸி" என்பார்கள்.

அவளுக்கு வெறும் நீர்க்கடுப்பு இல்லை. இரண்டு பக்க விலாவுக்குக் கீழும் குத்தல், வாந்தி, வாரத்துக்கு ஒரு தடவை காய்ச்சல். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சீழ் அணுக்கள் நிறைந்து கிடந்தன. நடுவே சிவப்பணுக்கள். சர்க்கரை இல்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எங்கள் எக்ஸ்ரே மெஷின் எடுக்கிற படத்தில் எலும்பையே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கல் இருப்பது போலவும் இருந்தது, வாயு போலவும் இருந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

டாக்டர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். தேயிலை பறிக்கிற பெண்ணிடமும் "ஏனுங்கம்மா" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அவர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு நாள் யூரின் பாத்துருங்க. கிட்னி வேல சரியா செய்யலைன்னா இங்க வச்சுப் பாக்கக் கூடாதுங்க, ஒடனே கோயமுத்தூர் அனுப்பிரோணும். சரியா இருந்துச்சுன்னா நம்ம மருந்தே போதும்" என்றார். அவளுடைய இரண்டு சிறுநீரகமும் அந்த ஒரு டெஸ்டை நம்பி இருந்தன. அது எனக்கும் டாக்டருக்கும் தெரியும். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் யூரின் என்பது இதுதான். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் ஒரு கேனில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். மொத்தம் எவ்வளவு, அதில் அந்தக் கழிவு எவ்வளவு என்று பார்த்து, ரத்தத்தில் உள்ளதோடு வைத்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். நான் ஒரு பெரிய வெள்ளைக் கேனை அவள் கையில் கொடுத்து, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு போல ஒப்பித்தேன். "நாளைக்குக் காலைல மொதல்ல போறது வேண்டாம். அதுக்கப்புறம் போறதெல்லாம் இதுல. மறுநாள் காலைல மொதல்ல போறது வரைக்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சிச்சிங்க மிஸ்ஸி" என்றாள். கேனைச் சேலைத் தலைப்பில் சுற்றி, அதன் மேல் கம்பளியைப் போட்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தாள். தூக்கிப் பார்த்தேன். கேன் காலியாக இருக்கிற மாதிரி இருந்தது. திறந்து அளவு ஜாடியில் ஊற்றினேன். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் மேலே. பால் ஊற்றாத டீ நிறம்.

"இதென்னம்மா இது?"

"அவ்வளவுதாங்க வந்திச்சி."

"ஒரு நாள் பூரா இவ்வளவுதானா? கொறையுதே. பாதியக் காட்டுல விட்டுட்டு மீதியக் கொண்டாந்திருக்கியா?"

"இல்லீங்க மிஸ்ஸி, ஒரு சொட்டு விடல."

நான் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? அவளுக்கு முன்னால் எத்தனையோ பேர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வெட்கப்பட்டுப் பாதியைக் கீழே விட்டுவிட்டு வந்து சத்தியம் பண்ணுவார்கள். அவள் கண் முன்னாலேயே ஜாடியைத் தொட்டியில் கவிழ்த்துக் கழுவினேன். கேனையும் அலசிக் கையில் கொடுத்து, "ஒழுங்காப் புடிச்சுக் கொண்டா" என்றேன். அவள் தொட்டியைப் பார்த்தபடியே ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

இரண்டாவது தடவையும் அதே கதை. போன தடவையைவிட அரை டம்ளர் கூடுதல். இந்தத் தடவை எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வெளியே பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோர் காதும் எங்கள் பக்கம். எதையும் பொருட்படுத்தாமல் கத்தினேன். "எனக்கு வேற வேலை இல்லையா? ஒண்ணரை லிட்டராவது இருக்கோணும். டாக்டர் கேட்டா நான் என்ன சொல்றது? கொறையுது, கொறையுதுன்னு எத்தன தடவ சொல்றது உனக்கு?" அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். அதையும் தொட்டியில்தான் ஊற்றினேன். அன்று சாயங்காலம் இதை ஒரு வேடிக்கையாக நர்ஸ்களிடம் சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். இன்றைக்கு அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மூன்றாவது தடவை கேன் கனமாக வந்தது. அளந்தால் ஒன்றே முக்கால் லிட்டர். நிறமும் தெளிந்து, வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. "பாத்தியா, சொன்னா செய்யத் தெரியுதுல்ல" என்றேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வழியாகப் பாஸ் மார்க் வாங்கிய பிள்ளையின் சிரிப்பு.

டெஸ்ட் எல்லாம் செய்தேன். கழிவு நன்றாக வெளியேறியிருந்தது. இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிறுநீரகம் பழுதில்லை. சீழ் அணுக்கள் முன்பைவிடக் குறைவு. ஒன்றே ஒன்றுதான் இடறியது. சர்க்கரை டெஸ்டில் நீலம் லேசாகப் பச்சைக்குத் திரும்பியிருந்தது. அவளுக்குச் சர்க்கரை கிடையாதே என்று யோசித்தேன். நீல மருந்து பழசாகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு 'இல்லை' என்று எழுதிவிட்டேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நல்லவேளைங்க, கிட்னி நல்லா இருக்குது. இன்ஃபெக்ஷன்தான்" என்று பெருமூச்சு விட்டார். மாத்திரை எழுதினார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். கோயமுத்தூர் என்கிற பேச்சு அதோடு நின்றது.

அதன் பிறகு அவள் மாதம் ஒரு தடவை வந்து மாத்திரை வாங்கிப் போனாள். வலி குறையவில்லை என்றாள். கிட்னி நன்றாக இருக்கிறது, பயப்படாதே என்று நாங்கள் எல்லோரும் அவளுக்குத் தைரியம் சொன்னோம். நான்தான் அதிகம் சொன்னேன். என் டெஸ்ட் அல்லவா?

மூன்று மாதம் கழித்து ஒரு முற்பகலில் கொழுந்து லாரியில் அவளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவளோடு ஒரே குழுவில் பறிக்கிற ஆறு பெண்களும் லாரியிலேயே வந்திருந்தார்கள், தலையில் கொங்காணிச் சாக்கு, இடுப்பில் தார்ப்பாய், கையெல்லாம் கறை. அவளுடைய முகத்தைப் பார்த்து எனக்கு அடையாளமே தெரியவில்லை. கண் இரண்டும் உப்பி மூடியிருந்தன. காலை அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. விடாமல் விக்கல். கேட்டதற்குப் பதில் வரவில்லை.

"மூத்திரம் போயி ரெண்டு நாளாச்சிங்க" என்றாள் குழுவில் மூத்தவள்.

டாக்டர் சிறுநீர்ப்பையில் டியூப் போடச் சொன்னார். பை அடைத்துக்கொண்டிருந்தால் டியூப் போட்டதும் கொட்டும், நோயாளி அங்கேயே கண் திறப்பார். நானே பல தடவை பார்த்திருக்கிறேன். நர்ஸ் போட்டாள். ஒன்றும் வரவில்லை. டியூபைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பார்த்தாள், வெளியே இழுத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. பை காலியாகத்தான் இருந்தது. மேலே சிறுநீரகத்திலிருந்தே எதுவும் இறங்கவில்லை.

நான் ரத்தம் எடுக்க ஊசியோடு பக்கத்தில் நின்றிருந்தேன். டாக்டர் என் பக்கம் திரும்பி, "மூணு மாசத்துக்கு முன்னாடி அத்தன நல்லா இருந்துச்சுங்களே" என்றார். குற்றம் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

நர்ஸ் டியூபைப் பிடித்தபடி, "டாக்டர், டெஸ்டுக்கு எடுக்கக்கூட ஒண்ணுமே வரலைங்களே" என்றாள்.

கதவோரம் நின்ற மூத்தவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். நல்ல மனசோடு, அவசரத்துக்கு உதவுகிற தோரணையில் சொன்னாள். "டெஸ்டுக்குத் தானுங்களே ஐயா? நாங்க ஆறு பேரு இருக்கமுங்க. போன தடவ மாதிரி இப்பவும் ஆளுக்குக் கொஞ்சம் தர்றமுங்க. மிஸ்ஸி கேன் மட்டும் குடுத்தா போதும்."

 டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.  ஊசியைக் கீழே வைத்தேனா, யாராவது வாங்கிக்கொண்டார்களா, நினைவில்லை.

"போன தடவ என்னம்மா பண்ணினீங்க?" என்று டாக்டர்தான் கேட்டார்.

அவள் ஒளிக்கவே இல்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. "ரெண்டு தடவ கொண்டாந்து கொறையுதுன்னு மிஸ்ஸி திருப்பிட்டாங்க ஐயா. பாவம், ரெண்டு நாளு வேலைக்கி வராம லயத்துலேயே உக்காந்து புடிச்சா. அப்பவும் கொறஞ்சிருச்சி. ஒண்ணரை லிட்டர் வேணும்னாங்களாம். அழுதுகிட்டு வந்து நின்னா. கொழுந்து கொறஞ்சா ஆளுக்கு ஒரு புடி போட்டு எடைய நேராக்கி விட மாட்டமா? அது மாதிரித்தான். ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்தினம். இவ வெக்கப்பட்டு மாட்டேன்னா, நாந்தான் திட்டிக் குடுக்க வச்சேன்." பக்கத்தில் இருந்த இளையவளைக் கையால் காட்டினாள். இளையவள் சாக்கை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

ஆளுக்கு ஒரு பிடி. அது எனக்குத் தெரியாத பழக்கம் இல்லை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற நாட்களில் எடை போடுகிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காய்ச்சல்காரி, பிள்ளைத்தாய்ச்சி, முதல் நாள் வேலைக்கு வந்தவள், இவர்களுடைய மூட்டை தராசுக்குப் போவதற்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் ஒரு கை அள்ளிப் போடுவார்கள். அப்பா அதைப் பார்க்காதவர் போல, பென்சிலைச் சீவுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வார். 'கொறையுது' என்று யாராவது சொன்னால், குறைவதை நிரப்பு. அவர்கள் பிறந்தது முதல் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். நான் போய் அதே சொல்லை, அதே குரலில், ஒரு தடவைக்கு இரண்டு தடவை அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்?

அந்தக் கேனில் இருந்தது ஏழு பேருடைய மூத்திரம். அதில் ஆறு பேர் நல்ல சிறுநீரகத்தோடு மலை ஏறி இறங்குகிறவர்கள். நான் அளந்தது அவர்களுடைய ஆரோக்கியத்தை. அதற்கு முன்னால் தொட்டியில் கொட்டிய இரண்டும்தான் அவளுடையவை. ஒரு டம்ளர் மூத்திரம் என்பது டெஸ்டில் நேர்ந்த குறை இல்லை. டாக்டர் தேடிக்கொண்டிருந்த பதிலே அதுதான். அதைக் கையில் வாங்கி, அவள் கண் முன்னால் கவிழ்த்து, தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறேன்.  வெளியே ஓடிப்போய் ரோஜாச் செடியருகில் வாந்தியெடுத்தேன்.

எஸ்டேட் ஜீப்பில் அவளைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். மூத்தவளும் கூடப் போனாள். நான் லேப்புக்குத் திரும்பினேன். என்ன செய்வதென்று தெரியாமல் மீதி ஐந்து பெண்களையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தேன். அந்தப் பச்சை நிறம் ஞாபகத்துக்கு வந்து என்னை உலுக்கிக்கொண்டிருந்தது. ஐந்தையும் தனித்தனியாகக் கொதிக்க வைத்தேன். நான்கு நீலமாகவே நின்றன. ஐந்தாவது செங்கல் நிறமானது. வெட்கப்பட்டுச் சாக்கை இழுத்துக்கொண்டாளே, அந்த இளையவளுடையது. முப்பது வயதுகூட ஆகாதவள். அவளுக்குச் சர்க்கரை இருப்பது அவளுக்கும் தெரியாது. கேன் என்னிடம் உண்மையைச் சொல்லத்தான் பார்த்திருக்கிறது. நான்தான் மருந்து பழசு என்று சொல்லி 'இல்லை' என்று எழுதித் தள்ளிவிட்டேன்.

டாக்டரிடம் போய் நின்றேன். "ரெண்டு தடவையும் நான்தான் கீழ கொட்டினேன். நாந்தான் ஒண்ணரை லிட்டர்னு கத்தினேன். என்னைய வேலைய விட்டு அனுப்புங்க" என்றேன். அழுகை வரவில்லை.  அவர், "அந்தக் கேன் எதுக்குன்னு அந்தம்மாகிட்ட நாம யாராச்சும் சொன்னமுங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். "நானுஞ் சொல்லல" என்றார்.  என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ.

கோயமுத்தூரிலிருந்து செய்தி வர ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு பக்கமும் சிறுநீர் இறங்குகிற குழாயில் கல் அடைத்திருந்தது. வலது பக்கக் கல்லை எடுத்துவிட்டார்கள், அந்தச் சிறுநீரகம் மெல்ல மெல்ல வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இடது பக்கம் முழுக்கச் சீழ் பிடித்து அழுகியிருந்ததால் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் அனுப்பியிருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கிருந்த பெரிய டாக்டர் ஃபோனில் எங்கள் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் அதை என்னிடம் மறைக்கவில்லை. மறைக்காததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

அவள் திரும்பி வந்தது தெரிந்தும் நான் உடனே போகவில்லை. பயம். வேறொன்றும் இல்லை. கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்கு வருவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அவள் வந்த அன்றைக்கு லேப் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். இப்படி ஒளிந்துகொள்கிற ஆள் நான் என்பதே எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஊரெல்லாம் வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள், ஒரு நோஞ்சான் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பயந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக அந்த லயத்துக்கு நடந்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு சாக்கை விரித்து அவளை உட்கார வைத்திருந்தார்கள். பாதி ஆளாக இளைத்திருந்தாள். அந்த ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டும் தலை உலர்த்திக்கொண்டும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அவளும் சுவரைப் பிடித்து எழப் பார்த்தாள்.

"மிஸ்ஸி, மன்னிச்சிருங்க" என்று அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். "நாங்க படிக்காதவங்க. ஏமாத்தணும்னு செய்யலீங்க."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அதுவரை அவளை 'நீ' என்றே பேசிப் பழகியவள் நான்.

"அக்கா, தப்பு எம்மேலதானுங்க. மொதல் தடவ நீங்க கொண்டாந்ததுல ஒரு கொறையும் இல்லீங்க. உங்களுக்கு அவ்வளவுதான் போச்சு. அவ்வளவுதான் போகுதுங்கறதுதான் நோயே. அத நான் பாத்திருக்கோணும். பாக்காம கீழ கொட்டிட்டேன். அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டியிருந்தா உங்களுக்கு ரெண்டு கிட்னியும் இருந்திருக்குமுங்க."

சொல்லிவிட்டேன். அடிக்கட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்று குனிந்தபடி இருந்தேன். 

"மொதல் தடவ கொண்டாந்தது சரியாவா இருந்திச்சி?" என்று அவள் கேட்டாள்.

"ஆமாங்க."

"ரெண்டாவது?"

"அதுவும் சரிதானுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். அந்த வற்றிப்போன முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆறு பேர் பக்கமும் திரும்பி, ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்து, "கேட்டீங்களாடி? ஒரு சொட்டு விடாமத்தான் புடிச்சேன்னு நான் அன்னிக்கே சொன்னனா இல்லையா? நீங்க ஒருத்தியாச்சும் நம்பினீங்களா? இப்ப மிஸ்ஸியே சொல்லிட்டாங்க, கொறையே இல்லையாம்" என்றாள்.

மூத்தவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளே போனாள். சாக்கில் இருந்தவள் மட்டும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள், குறையே இல்லையாம், இரண்டு தடவையும் சரியாம் என்று. நான் போகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். போன சிறுநீரகத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.